ரோட் டேக்ஸ் இல்லாத போர்ஷே

நான் புக்கிட் பெருவாங்கில் ஏர்கோன் குத்தகைத் தொழில் செய்பவன். என்னிடம் ஒரு போர்ஷே கேமன் இருந்தது. ரீகோன் கார். 2706 சிசி. இருக்கை இரண்டே இரண்டு. வீட்டில் நாங்கள் ஐந்து பேர். குடும்பத்தோடு ஏற முடியாத காரை ஒன்பது வருடக் கடனில் வாங்கினேன். எங்கள் குடியிருப்பான தாமானில் இருப்பவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் வாங்கினேன். வேறு காரணம் சொன்னால் அது பொய்.

பார்த்தார்கள். மல்டிமீடியா பல்கலைக்கழக மாணவர்கள் காரோடு நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். கோயில் கூட்டத்தில் எனக்கு முன்வரிசை நாற்காலி வந்தது. எதிர்வீட்டு பாக்சிக் தன் வேனைத் தெருமுனையில் கொண்டுபோய் நிறுத்தத் தொடங்கினார், என் காரில் கீறல் விழுந்துவிடக் கூடாதே என்று. நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. யாராவது விலையைக் கேட்டால் என் தாத்தாவை இழுப்பேன். 1967-இல் புக்கிட் ஆசாஹான் தோட்டத் தொழிலாளர்கள் கோலாலம்பூருக்கு நடந்தே போனார்கள். அப்படி நடந்த குடும்பத்தில் ஒருவன் போர்ஷே ஓட்டக் கூடாதா என்று கேட்பேன். உரிமை கேட்டு நடந்தவர்களின் பெயரை என் பகட்டுக்குப் பயன்படுத்தினேன்.

பிறகு தொழில் படுத்தது. கார் தவணையை எப்படியோ கட்டினேன். கட்டாவிட்டால் வாசலில் வந்து இழுத்துக்கொண்டு போவார்கள், தெரு முழுக்கப் பார்க்கும். இன்சூரன்சை விட்டுவிட்டேன். இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட் டேக்ஸ் எடுக்க முடியாது. 1,395 வெள்ளி ரோட் டேக்ஸும் நின்றது. 2023 பிப்ரவரியிலிருந்து தனியார் காரில் ரோட் டேக்ஸ் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியதில்லை. கண்ணாடியைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. அந்த வசதிக்குள் ஒளிந்துகொண்டேன்.

2025 ஜூலையில் சொகுசுக் கார்களைக் குறிவைத்துச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே சோதனை நடத்தியது. ரோட் டேக்ஸும் இன்சூரன்சும் இல்லாத கார்களைப் பறிமுதல் செய்தார்கள். சாப்பாட்டுக் கடையில் எல்லாரும் அதைத்தான் பேசினார்கள். கோடிக்கணக்கில் கார் வாங்கத் தெரிகிறது, ரோட் டேக்ஸ் கட்ட வலிக்கிறதா என்று திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன். மற்றவர்களைவிடச் சத்தமாகத் திட்டினேன்.

அதன்பின் காரை வெளியே எடுக்கவில்லை. அப்படியே விட்டிருந்தால் யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது. ஒருநாள் சாயங்காலம் பக்கத்துவீட்டுக்காரர் கேட்டில் நின்றபடி கேட்டார்: "என்னா பாஸ், காரு வெளியவே வர்றதில்ல? பேங்க்ல இழுக்கப் போறாங்களா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். என்னால் தாங்க முடியவில்லை. உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்தேன்.

அவர் காதில் விழ வேண்டும் என்றே எக்ஸிலேட்டரை மிதித்தேன். தாமான் ரோட்டில் போகக் கூடாத வேகம். சந்து முனையில் வலப்பக்கமிருந்து ஒரு பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள் திரும்பியது. அதன் சிக்னல் விட்டு விட்டு எரிவதைப் பார்த்தேன். பிரேக் போட்டேன். போதவில்லை.

எங்கள் வரிசைக் கடைசி வீட்டு அண்ணன். ஜாகா வேலைக்கு, அதாவது காவல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நீலச் சட்டையோடு ரோட்டில் உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. நான் காரைவிட்டு இறங்கினேன். முதலில் குனிந்து பார்த்தது முன்பம்பரை. விரலால் பெயின்ட்டைத் தடவிப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் அவரிடம் போனேன்.

அவர் கேட்டார்: "காருக்கு ரொம்ப அடியா தம்பி? நான் எப்படிக் கட்டுவேன்?"

தப்பு என்னுடையது என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் பயம் எனக்கு உதவும் என்று உடனே தெரிந்துவிட்டது. மருத்துவமனைக்குப் போகும் வழியில் சொன்னேன்: "போலீஸ் ரிப்போர்ட் எல்லாம் வேணாம்ண்ணே. என் கார் செலவை நானே பாத்துக்கறேன்." அவர் எனக்கு நன்றி சொன்னார். முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு நன்றி சொன்னார்.

ரிப்போர்ட் செய்தால் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியது தெரிந்துவிடும். போக்குவரத்துச் சட்டம் 90-ஆம் பிரிவு. ஆயிரம் வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசன்சும் போகும். நான் அதைத்தான் கணக்குப் போட்டேன். அவர் கணக்கு வேறு. வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்துக்கும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பான சொக்சோவில் இழப்பீடு உண்டு. மருத்துவ விடுப்பு நாட்களுக்குச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். அதற்குப் போலீஸ் ரிப்போர்ட் வேண்டும். 24 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டிய ரிப்போர்ட் அது. ஆள் வைத்துத் தொழில் செய்கிற எனக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது.

அண்ணன் கையில் பிளேட் வைத்தார்கள். வேலைக்குப் போக முடியவில்லை. சம்பளம் நின்றது. அவர் மனைவி, நான் அக்கா என்று அழைப்பவர், தாலிக்கொடியை அடகு வைத்தார். நான் இரண்டு முறை கொஞ்சம் பணம் கொடுத்தேன். தாமானில் எனக்குப் பெரிய மனசு என்று பேசிக்கொண்டார்கள். போர்ஷேவை இடித்தவரிடம் ஒரு காசு கேட்கவில்லையாம். தீபாவளிக்கு அக்கா முறுக்கு கொண்டுவந்து கொடுத்தார், நான் காசு கேட்காததற்காக. வாங்கி வைத்தேன். பிள்ளைகள் சாப்பிட்டார்கள். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

அவர் மகன் சொக்சோவைப் பற்றி விசாரித்துக்கொண்டு வந்து ரிப்போர்ட் எங்கே என்று கேட்டபோதும், அது வீண் அலைச்சல் என்றேன். பையன் என்னை நம்பவில்லை. மறுபடி வந்தான். அதன்பிறகுதான் அண்ணனிடம் போய் உண்மையைச் சொன்னேன். நானாக மனம் திருந்திப் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பையன் ஜேபிஜே செயலியில் என் கார் நம்பரைத் தட்டிப் பார்த்துவிடுவான் என்ற பயம்தான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணன் கேட்டது ஒன்றுதான்: "அப்ப உங்க காருக்கு நான் ஒன்னும் கட்ட வேண்டியதில்லையா தம்பி?"

இத்தனை மாதமும் அந்தக் கடன் தன் தலைமேல் இருப்பதாகவே நினைத்துப் படுத்திருந்திருக்கிறார்.

அவரோடு ஸ்டேஷனுக்குப் போனேன். தாமதமான ரிப்போர்ட்தான். நடந்ததை நடந்தபடி சொன்னேன். சொக்சோ மனு போயிருக்கிறது, முடிவு வரவில்லை. காரை விற்றும் கடன் அடையவில்லை. அடகு நகையை நான் மீட்டுக் கொடுத்தேன். அக்கா கையில் வாங்கவில்லை. மகன்தான் வாங்கிக்கொண்டான். அண்ணனால் இன்னும் வலது கையால் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்க முடியவில்லை.

இன்னும் ஒன்று. அண்ணன் சிக்னல் போடாமல் திரும்பியதால்தான் விபத்து என்று தாமானில் இன்றும் சிலர் சொல்கிறார்கள். கோயில் கூட்டத்தில் அதை முதலில் சொன்னவன் நான். அது பொய். அவர் சிக்னல் போட்டிருந்தார். நான் பார்த்தேன்.