சந்தாக் கணக்கு

ரயில்வே பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருப்பவருக்குக் கணக்குப் பிழை பெருங்குற்றமாகும். மாலையில் ரசீதுப் புத்தகத்துக்கும் பெட்டியில் உள்ள பணத்துக்கும் ஐந்து ரூபாய் வேறுபட்டாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க இயலாது. பத்தாம் வகுப்புத் தேறிய அளவோடு இவ்வுத்தியோகத்தில் நுழைந்த நாம், 2017-ஆம் ஆண்டு முதல் நாகபுரியில் இந்த நியமத்தைத் தவறாது காத்து வருகிறோம். ஆனால் நம் சொந்த வீட்டிலே மாதந்தோறும் ஒரு தொகை கசிந்து கொண்டிருந்ததை நெடுநாள் கவனியாதிருந்தோம். அக்கசிவு எவ்வாறு நேர்ந்தது, அதை அடைக்கப் போய் வேறு எதை அடைத்துவிட இருந்தோம் என்பதை அன்பர்களிடம் சொல்லிக் கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் வீட்டில் ஐந்து பேர். நாம், இல்லாள், ஐந்தாம் வகுப்பில் படிக்கும் மகள், இரண்டாம் வகுப்பில் படிக்கும் மகன், நம் தாயார். தகப்பனார் காலமான பின்னர், 2022-இல், தாயாரைத் திருவாரூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இங்கே அழைத்து வந்தோம். இல்லாள் மராத்தி பேசுவாள். குழந்தைகள் இந்தியில் சண்டையிட்டுத் தமிழில் சோறு கேட்பார்கள். தாயாருக்கோ தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. பிற்பகலில் குவார்ட்டர்ஸ் வாசலில் அண்டை வீட்டுப் பெண்கள் கூடிப் பேசும்போது அவரும் போய் உட்காருவார். அவர்கள் சிரிக்கும்போது தாமும் சிரிப்பார். எதற்காகச் சிரித்தார்கள் என்று இரவில் இல்லாளைக் கேட்டுத் தெரிந்து கொள்வார்.

அவருக்குத் தொலைக்காட்சியே துணை. அதிலும் இரவு ஒன்பது மணிக்கு வரும் தமிழ்த் தொடர் ஒன்றை அவர் தவற விட்டதில்லை. திருவாரூரில் இருக்கும் பெரியம்மாவும் அதே நேரத்தில் அதே தொடரைப் பார்ப்பார். ஒன்பதரைக்கு அது முடிந்ததும் சகோதரிகள் இருவரும் தொலைபேசியில் பேசத் தொடங்குவார்கள். தொடரில் வரும் மாமியாரின் கொடுமையில் ஆரம்பிக்கும் பேச்சு, ஊரில் ஆற்றுத் தண்ணீர் வந்ததா, யார் வீட்டில் கலியாணம், யார் வீட்டில் பேறுகாலம் என்று நீண்டு போகும். கார்த்திகைத் தீபத்தன்று மாலை ஆறு மணிக்குத் திருவண்ணாமலை மலையுச்சியில் தீபம் ஏற்றப்படுவதை நேரடி ஒளிபரப்பில் கண்ட பின்னரே, தாயார் நம் வீட்டு வாசலில் அகல் விளக்கை ஏற்றுவார். “பிறகு பதிவில் பார்த்துக் கொள்ளலாமே!” என்னும் பேச்சு இங்கே செல்லாது. ஊரில் உள்ளவர்கள் காணும் அதே கணத்தில் தாமும் காண்கிறோம் என்பதிலேதான் அவருக்கு மகிழ்ச்சி.

இனிச் செலவுக்கு வருவோம். 2018-இல் கேபிள்காரருக்கு மாதம் 250 ரூபாய் கொடுத்து வந்தோம். ஆண்டுக்கு 3,000 ரூபாய். தொலைக்காட்சிச் செலவு அவ்வளவே. 2019 பிப்ரவரியில் டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் புதிய கட்டண விதி நடைமுறைக்கு வந்தது. வேண்டிய அலைவரிசையை மட்டும் தேர்ந்து, அதற்கு மட்டும் விலை கொடுக்கலாம் என்பது அவ்விதியின் நோக்கம். நல்ல நோக்கந்தான். ஆனால் இணைப்புக்கென்று 130 ரூபாய் வரையிலும், அதன்மேல் நூற்றுக்கு 18 வீதம் வரியும் வைத்த பிறகே அலைவரிசைகளின் விலை தொடங்கிற்று. பலரும் விரும்பும் அலைவரிசை ஒன்றே 19 ரூபாய் ஆயிற்று. தனித்தனியே தேர்ந்தால் கணக்கு ஏறும். தொகுப்பாக வாங்கினால் நாம் ஒரு நாளும் பாராத அலைவரிசைகளும் உடன் வந்து சேரும்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு தனிச் சுமையும் உண்டு. அண்டை வீட்டாருக்கு ஒரு தொகுப்புப் போதும். நமக்கோ தாயாருக்காகத் தமிழ்த் தொகுப்பு ஒன்று, குழந்தைகளுக்காக இந்தித் தொகுப்பு ஒன்று என இரண்டு வேண்டும். கேபிள்காரரிடம் தமிழ் அலைவரிசைகள் போதிய அளவில் இல்லாமையால், தாயார் வந்ததும் மாடியில் டிஷ் மாட்டினோம். மாதம் 420 ரூபாய் ஆயிற்று. ரயிலில் ஊருக்குப் போக நமக்குப் பாஸ் உண்டு. ஊரைத் தொலைக்காட்சியில் காண்பதற்கு யார் பாஸ் தருகிறார்கள்?

இதற்கிடையே கைபேசிச் செயலிகள் வந்து புகுந்தன. கிரிக்கெட் ஆட்டத்துக்காக ஒரு செயலியில் 2020-இல் ஆண்டுச் சந்தா 399 ரூபாய் கட்டினோம். மறு ஆண்டு புதுப்பிக்கச் சென்றபோது அத்திட்டம் மறைந்திருந்தது. தொலைக்காட்சிப் பெட்டியில் பார்ப்பதற்கு 899 ரூபாய் என்றார்கள். இவ்வுயர்வுக்குக் காரணம் இல்லாமலில்லை. ஐ.பி.எல். ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமை 2018 முதல் 2022 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு 16,347 கோடி ரூபாய்க்குச் சற்று மேலாக விலை போயிற்று. 2023 முதல் 2027 வரைக்கும் அது 48,390 கோடி ரூபாய் ஆயிற்று. இவ்வளவு பெருந்தொகை கொடுத்தவர்கள் விளம்பரக்காரரிடமிருந்தும் நம்மிடமிருந்தும்தானே அதைத் திரும்ப எடுக்க வேண்டும்? 2023-இல் அவ்வாட்டங்களைக் கைபேசியில் இலவசமாகக் காட்டினார்கள். கூட்டம் கூடிற்று. 2025 பிப்ரவரியில் இரு பெரும் செயலிகள் ஒன்றாக இணைந்தன. அவ்வாண்டு ஆட்டங்கள் கட்டணத்துக்குள் வந்துவிட்டன. இது நம் நாட்டு வழக்கம் மட்டுமன்று. அமெரிக்காவில் 2017-இல் மாதம் 35 டாலருக்குத் தொடங்கிய யூடியூப் டிவி, 2025 ஜனவரியில் 82.99 டாலராக உயர்ந்தது. முதலில் மலிவு, பின்பு பழக்கம், அதன் பின்பு உயர்வு என்பதே எங்கும் முறையாக இருக்கிறது.

குழந்தைகளின் படங்களுக்கென ஒரு செயலி, ஏழு நாள் பரீட்சைக்கு இரண்டு ரூபாய் மட்டும் கேட்டது. இரண்டு ரூபாய்தானே என்று இசைந்தோம். எட்டாம் நாள் 399 ரூபாய் வங்கிக் கணக்கிலிருந்து தானே போயிற்று. பின்னர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவ்வாறே போய்க்கொண்டிருந்தது. பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் அனுப்ப வேண்டும் என்னும் ரிசர்வ் வங்கி விதி 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. தகவலும் வந்துதான் இருந்தது. நூறு விளம்பரங்களுக்கு நடுவே அதை நாம் படிக்கவில்லை. பிழையில் பாதி நம்முடையதே.

சென்ற மார்ச்சு மாதம் ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேளையில், வீட்டிலும் ஒரு கணக்குப் பார்ப்போமே என்று தோன்றிற்று. இரவு உணவுக்குப் பின் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அமர்ந்தோம். இல்லாள் கைபேசியைப் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்தாள். டிஷ் ஆண்டுக்கு 5,040. இணைய இணைப்பு 9,912. கிரிக்கெட்டுச் செயலி 899. தமிழ் அலைவரிசைகளுக்கான செயலி 799. சினிமாச் செயலி 2,388. குழந்தைகள் செயலி 1,596. கூட்டினால் 20,634 ரூபாய்! இணைய இணைப்பு படிப்புக்கும் உதவுகிறது என்று அதை நீக்கிப் பார்த்தாலும் 10,722 ரூபாய். பழைய 3,000 எங்கே, இது எங்கே? ஒவ்வொன்றும் தனித்தனியே சிறு தொகையாகத் தோன்றியதால் ஒன்றும் உறுத்தவில்லை.

“இந்த வீட்டில் டிவி பார்த்தே குடி முழுகிவிடும் போலிருக்கிறது!” என்று உரக்கச் சொல்லிவிட்டோம். யாரையும் குறித்துச் சொன்னதன்று. குமாஸ்தாவின் கோபம், அவ்வளவே.

மறுநாள் இரவு ஒன்பது மணிக்குத் தொலைக்காட்சி மௌனமாக இருந்தது. தாயார் பாயை விரித்துப் படுத்திருந்தார். “என்னம்மா, தொடர் பார்க்கவில்லையா?” என்று கேட்டதற்கு, “கண்ணு எரியுதுப்பா” என்றார். அடுத்த நாளும் அதே விடை. அதற்கடுத்த நாளும் அப்படியே. ஒன்பதரை மணித் தொலைபேசியும் நின்று போயிற்று. ஒரு வாரம் கழித்து ரயில்வே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றோம். கண் வைத்தியர் விளக்கை வைத்துப் பார்த்தார். எழுத்துக்குப் பதிலாகப் படங்களைக் காட்டிப் படிக்கச் சொன்னார். “வயதுக்கு நல்ல பார்வை. ஒரு குறையும் இல்லை” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

திரும்பி வரும் வழியில் ஆட்டோவில் தாயார் ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் மெல்லச் சொன்னார்: “நீ கணக்குப் போட்டதைக் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். எனக்காகத்தானே அந்த டிஷ்ஷு. பிள்ளைங்க படிக்கிற வீடு. எனக்கு எதுக்குப்பா?”

அன்பர்களே, அப்போது நமக்கு ஏற்பட்ட வெட்கத்தை எழுத்தில் சொல்ல இயலாது. 20,634 ரூபாயில் தாயாருக்கென்று செலவானது மிகச் சிறு பகுதி. அவர் கேட்டு வாங்கியது ஒன்றும் இல்லை. கேளாமலே சேர்த்துக் கொண்டவர்கள் நாம். விட்டுக் கொடுக்க முன்வந்தவர் அவர். செலவைக் குறைக்க வேண்டும் என்றதும், வீட்டில் எவருக்கு வேறு துணை இல்லையோ அவரே முதலில் எழுந்து போய்விடுகிறார்.

அன்றிரவு ஐவரும் உட்கார்ந்து மறுபடியும் கணக்குப் பார்த்தோம். இம்முறை விலையை முதலில் எழுதவில்லை. யாருக்கு எது இல்லாமல் முடியாது என்று கேட்டு எழுதினோம். மகன் கிரிக்கெட் என்றான். மகள் நெடுநேரம் யோசித்துவிட்டு, “பாட்டி தொடர் பார்க்கும்போது நானும் பார்ப்பேனே, அது” என்றாள். இல்லாள் ஞாயிற்றுக்கிழமைப் பழைய படம் என்றாள். அது டிஷ்ஷிலேயே வருகிறது. சினிமாச் செயலியை ஒருவரும் சொல்லவில்லை.

ஆகவே சினிமாச் செயலியையும் குழந்தைகள் செயலியையும் நிறுத்தினோம். தமிழ் அலைவரிசைகளுக்கான செயலியில் வரும் தொடர்கள் டிஷ்ஷிலும் வருவதால், ஒரே சரக்குக்கு இரு முறை கட்டணம் செலுத்தி வந்தது தெரிந்தது, அதையும் விட்டோம். இந்தித் தொகுப்பை நீக்கிவிட்டு, வேண்டிய சிலவற்றை மட்டும் தனியே எடுத்தோம். டிஷ் மாதம் 310 ஆகக் குறைந்தது. இவற்றால் மட்டும் ஆண்டுக்கு 6,103 ரூபாய் மிச்சம். கிரிக்கெட்டுச் செயலி இனி ஆட்டக்காலத்துக்கு மட்டும். தூர்தர்ஷனின் இலவச டிஷ்ஷில் மாதச் சந்தா இல்லை. டிடி தமிழ் அலைவரிசையும் அதில் கிடைக்கும். சிக்கனமாக இருக்க விரும்புவோருக்கு அது நல்ல வழி. தாயாரின் தொடர் அதில் வராது என்பதால் நாம் மாறவில்லை.

அன்பர்களும் ஒரு மாலை இவ்வாறு உட்கார்ந்து பார்த்தல் நலம். கைபேசியில் பணம் செலுத்தும் செயலியைத் திறந்தால், தானே பணம் பிடிக்க நாம் அளித்த அனுமதிகளின் பட்டியல் அதில் இருக்கும். வேண்டாதவற்றை அங்கேயே ரத்துச் செய்யலாம். சேர்வதை எளிதாக்கி விலகுவதைக் கடினமாக்கும் சந்தாப் பொறி முறையற்றது என்று மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. விலக முடியாமல் தவிப்போர் 1915 என்னும் நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். ஆனால் கணக்குப் பார்க்கும்போது வீட்டில் உள்ள பெரியவர்களையும் பக்கத்தில் வைத்துக் கொள்ளுங்கள். அடுத்த அறையிலிருந்து அவர்கள் கேட்கும்படி செய்யாதீர்கள்.

அன்றைக்குத் தாயாரைத் தொலைக்காட்சியின் முன் உட்கார வைக்கப் பேத்திதான் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். எட்டுப் பத்து நாள் கதை விட்டுப் போயிருந்தது. ஒன்பதரைக்கு மணி அடித்தது, பெரியம்மா. “இத்தனை நாளாய் ஏன் பேச்சையே காணோம்?” என்று அவர் கேட்டது நமக்கும் கேட்டது.

“கண்ணு கொஞ்சம் சரியில்லாம இருந்துச்சு, அக்கா. டாக்டர்கிட்டக் காட்டியாச்சு. இப்போ நல்லாத் தெரியுது” என்றார் தாயார். பிறகு, “அந்த மாமியார்க்காரி என்ன ஆனா, சொல்லு” என்று காலை நீட்டி உட்கார்ந்து கொண்டார்.