எழுந்து நின்று பால் கொடுக்கும் அம்மா

அமெரிக்காவின் நியூஜெர்சியில் இருக்கிறது ‘தி சீயிங் ஐ’. பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைத் தயார்செய்வதற்காக 1929-ல் தொடங்கப்பட்ட அமைப்பு. அங்கே பிறந்த 98 குட்டிகளை, தாயோடு இருந்த நாள்களிலிருந்தே எமிலி பிரே என்ற ஆய்வாளரின் குழு கவனித்தது. 2017-ல் வெளியான அதன் முடிவைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

எந்நேரமும் நக்கிக்கொண்டு, ஒட்டியே இருந்த தாய்களின் குட்டிகள்தான் பிற்பாடு பயிற்சியில் அதிகம் தோற்றனவாம்! தாய் படுத்தபடி பால் கொடுத்தால் குட்டிக்குச் சிரமமில்லை. உட்கார்ந்தோ நின்றோ கொடுத்தால், எக்கித்தான் குடிக்க வேண்டும். அப்படி எக்கிக் குடித்தவை அதிகம் தேறின.

யோசித்தால் புரிகிறது. உடன் வருபவர் ‘போ’ என்றாலும், எதிரே கார் வந்தால் இந்த நாய் நகரக் கூடாது. சொன்னதைக் கேட்பதோடு, சுயமாக முடிவெடுப்பதும் அதன் வேலை. சின்னச் சின்னச் சிரமங்களைத் தானே சமாளித்த குட்டிக்கு அது கைவரலாம்.

அதற்காக அன்பே வேண்டாம் என்று அர்த்தமில்லை. எழுந்து நின்ற தாயும் அங்கேயேதான் இருந்தது.

ஆறாம் வகுப்பிலேயே என்னைத் தனியாக டவுன் பஸ்ஸில் அனுப்பியவர் என் அம்மா. “பொம்பளப் புள்ளைய இப்படியா விடுவ?” என்று பெரியம்மா திட்டுவார். அம்மா பதில் சொல்ல மாட்டார். பஸ் கண்ணுக்கு மறையும்வரை ஸ்டாப்பிலேயே நிற்பார்.

இப்போது அக்கா மகள் சட்டைப் பட்டனோடு மல்லுக்கட்டுகிறாள். அக்காவின் கை தானாக நீளுகிறது.

“இருடி, அவளே போடட்டும்” என்கிறார் அம்மா.