இரும்பு 55

11.01.2025, சனி. கொக்குவில்

சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் பழைய தரவுகள் நேற்றிரவு இறங்கி முடிந்தன. சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கி 1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்ணோடத்தில் ஏறிப்போன கருவி. அது பதிந்ததை யாரிடமும் அனுமதி கேளாமல் இங்கிருந்தே திறக்கலாம் என்பது எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு வேண்டியவை அதன் புகழ்பெற்ற படங்கள் அல்ல. உணரி தன்னைத்தானே சோதித்துக்கொண்ட நேரத்துப் பதிவுகள்.

12.01.2025, ஞாயிறு

காலை முழுக்க இதிலேயே போனது. எக்ஸ் கதிர்ப் போட்டன் சிலிக்கன் தகட்டில் விழுந்தால் ஏறத்தாழ 3.65 இலத்திரன்வோல்ற்றுக்கு ஓர் இலத்திரன் விடுபடும். மங்கனீசின் 5.9 கிலோ இலத்திரன்வோல்ற்றுக் கதிருக்கு ஏறக்குறைய 1,600. அந்த மின்னேற்றம் நிரை நிரையாக நகர்ந்து விளிம்புக்கு வந்து ஓர் எண்ணாகப் பதியும். அந்த எண்ணின் ஒவ்வோர் அலகும் எத்தனை இலத்திரன்வோல்ற்று என்பதே நயம். அது பிசகினால் விண்மீன் வாயுவின் இரும்புக் கோடு இடம் மாறித் தெரியும். இல்லாத வேகத்தை அந்த வாயுவின் தலையில் கட்டிவிடுவோம்.

சந்திராவுக்கு அந்தச் சோதனை தொடக்கத்திலேயே வந்தது. ஏவிய சில வாரங்களில், கதிர்வீச்சுப் பட்டியைக் கடக்கும்போது, குறைந்த சக்திப் புரோத்தன்கள் ஆடியில் தெறித்து உணரியைத் தாக்கின. பத்துத் தகடுகளில் எட்டு பழுதுபட்டன. சிலிக்கனில் உண்டான பொறிகள் இலத்திரன்களைப் பிடித்துவைக்கின்றன; தொலைவிலிருந்து வரும் மின்னேற்றம் வழியில் கூடுதலாக இழக்கிறது. தகட்டை −120 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்தும் இழப்பைக் குறைக்கத்தான் முடிந்தது.

இந்த இழப்புக்கான திருத்தங்களை நிறுத்திவிட்டு 2000ஆம் ஆண்டுத் தரவை வரைந்தேன். வாசிப்பு விளிம்பருகே மங்கனீசு உச்சி ஒடுங்கி நிமிர்ந்து நின்றது. மறுகோடியில் அதே உச்சி இடப்பக்கம் சரிந்து, அடி அகன்று கிடந்தது. இரண்டும் ஒரே தகடு.

13.01.2025, திங்கள்

பொங்கல் சாமான் வாங்கத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்வந்தேன். கடைத் தராசின் படிக்கு முத்திரை குத்த அதிகாரி வருவார்; விண்ணுக்கு யார் போவது? அதனால் படியையும் கூடவே அனுப்பினார்கள். இரும்பு 55 சிதைந்து மங்கனீசாகும்போது அந்த 5.9 கதிரை விடும். அலுமினியம், தைத்தேனியம் இலக்குகளில் பட்டு மேலும் இரு கோடுகளைத் தரும். உணரி வானத்தைப் பார்க்காத வேளைகளில் இவற்றைப் பார்க்கும். இவற்றைக் கொண்டு மூன்று மாதத்துக்கு ஒன்றாக நயத் திருத்தம் கணித்தார்கள்.

ஆனால் இரும்பு 55இன் அரைவாழ்வுக் காலம் 2.74 ஆண்டு. ஏவியபோது இருந்ததில் இன்று எஞ்சியிருப்பது ஏறக்குறைய அறுநூற்றில் ஒரு பங்கு.

தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்த அண்ணாவின் மகள் கேட்டாள்: “சித்தப்பா, அது முழுக்கத் தேய்ஞ்சு போனா என்ன செய்வினம்?”

சரியான கேள்வி.

15.01.2025, புதன்

அவளுக்கு இன்று காசியோப்பியா ஏ-யைக் காட்டினேன். 11,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள வெடித்த விண்மீனின் எச்சம். சிலிக்கன் கோடு 1.86 கிலோ இலத்திரன்வோல்ற்று அருகே பளிச்சென்று நிற்கிறது. இரும்பு 55 மங்கியபின் இந்த எச்சம்தான் படி. ஆனால் அதன் வாயு ஓரிடத்தில் எங்களை நோக்கியும் வேறோரிடத்தில் விலகியும் பாய்கிறது. ஒவ்வொரு முறையும் அதே துண்டை எடுத்து ஒப்பிட வேண்டும். இரும்பு 55இன் உறுதி இதில் வராது, இருந்தும் இதைவிட வழியில்லை.

இந்தியாவின் அஸ்ட்ரோசாட்டுக்கும் இதே கதைதான். 2015 செப்டெம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் அதன் மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கித் தகட்டின் நான்கு மூலைகளிலும் இரும்பு 55 வைத்தார்கள். அதிலும் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம்.

உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அரைவாழ்வுப் பாடத்துக்கு இந்தத் தரவை வகுப்புக்குக் கொண்டுபோங்கள். 2000, 2005, 2010 ஆண்டுகளில் ஒரே நேர அளவுக்குள் பதிந்த மங்கனீசுப் போட்டன்களை மாணவர் எண்ணிப் பார்க்கட்டும், 2.74 என்ற எண்ணை அவர்களே கண்டெடுப்பார்கள். மென்பொருளும் இலவசம், லினக்ஸ் ஓடும் சாதாரணக் கணினி போதும்.