பெரியம்மாவும் 2 மில்லிமீட்டரும்!

வலது கையைத் தலைக்கு மேல ஒருதடவை தூக்குங்க பார்ப்போம். ஈஸியா வருதில்ல? திருப்பூர் பனியன் கம்பெனியில இருபது வருஷமா செக்கிங் பார்க்குற எங்க பெரியம்மாவுக்கு, போன வருஷம் வரைக்கும் தலை வாரிக்கக்கூட கை எழும்பாது. மூட்டு அவ்வளவு தேஞ்சு போச்சு. கோவையில தோள்மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது.

கை எலும்போட தலைக்குப் பதிலா ஒரு உலோகப் பந்து. எதிரே, எலும்பு சிமென்ட் வெச்சு ஒட்டின பிளாஸ்டிக் கிண்ணம். கிண்ணம்னு பேர்தான், நிஜத்துல அது சாசர்! இடுப்புல பந்து குழிக்குள்ள பத்திரமா உட்காரும். தோள்ல ஆழமே கிடையாது. பந்து ஒரு விளிம்பை அழுத்தினா எதிர் விளிம்பு எழும்பப் பார்க்கும், குழந்தைங்க ஆடுற மரக்குதிரை மாதிரி. இந்த வகை ஆபரேஷன்ல பெரும்பாலும் கழன்று வம்பு பண்றது இந்தக் கிண்ணம்தான். (1893-ல பாரிஸ்ல ஜூல்ஸ் பியான்ங்கிற சர்ஜன் பிளாட்டினத்துலயும் ரப்பர்லயும் ஒரு தோள்மூட்டு வெச்சார். கிருமி தாக்கி, ரெண்டே வருஷத்துல எடுக்க வேண்டியதாப் போச்சு.)

சரி, உள்ளே ஆட்டம் கண்டிருக்கான்னு எப்படித் தெரியும்? வலியை மட்டும் நம்ப முடியாது. கழன்றும் வலிக்காமல் இருக்கலாம். வலிச்சா, அது கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். அதனால எக்ஸ்ரே. சிமென்டுக்கும் எலும்புக்கும் நடுவுல கறுப்பா ஒரு கோடு தெரியுதான்னு பார்ப்பாங்க. மெல்லிசா, வளராம இருந்தா பொறுத்துப் பார்க்கலாம். வருஷா வருஷம் அகலமாகி 2 மில்லிமீட்டரைத் தாண்டினா சிக்கல். ஆனா படம் எடுக்கற கோணம் கொஞ்சம் பிசகினாலே கோடு மறைஞ்சிடும்! சி.டி. ஸ்கேன்ல இன்னும் நல்லா தெரியும், ஆனா உலோகம் அந்தப் படத்தையும் கலைச்சு விடும்.

இதுக்கு ஒரு சூப்பர் வழி இருக்கு. ஸ்வீடன்ல லுண்ட் பல்கலைக்கழகத்துல யோரான் செல்விக் 1974-ல ஆய்வேடா எழுதினது. ஆபரேஷன் அப்பவே எலும்புக்குள்ள 1 மில்லிமீட்டர் டான்டலம் மணிகளைப் பதிச்சிடுவாங்க. அப்புறம் ரெண்டு கோணத்துல, ஒரே நொடியில, ரெண்டு எக்ஸ்ரே. மணிகள் எலும்போடவே நிக்கும். அதை வெச்சு செயற்கை மூட்டு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு நகர்ந்தாலும் கணக்குப் போட்டுடலாம். ஆனா இது ஆராய்ச்சிக்குத்தான். புது மாடல் மூட்டு சந்தைக்கு வந்தா, முதல்ல கொஞ்ச பேருக்கு வெச்சு, ரெண்டு வருஷத்துல நகருதான்னு பார்க்க உதவும். பெரியம்மா மாதிரி ஆளுங்களுக்கு சாதா எக்ஸ்ரேதான்.

முதல் வருஷப் படத்துல லேசா ஒரு கோடு. டாக்டர், "இப்போதைக்குப் பயமில்லைங்க, அடுத்த படத்தோட ஒப்பிட்டாத்தான் சொல்ல முடியும்"னுட்டார். பெரியம்மா என்கிட்ட கேட்டாங்க: "ஏங்கண்ணு, சார்ட்ல இருக்குற அளவு கொஞ்சம் தப்பினாவே நாங்க பீஸை ஒதுக்கிருவோம். இவரு ரெண்டு மில்லி வரைக்கும் உடுவாராமா?"

வேலைக்கு மறுபடி போறாங்க. பண்டல் தூக்குறதில்லை, டேபிள் வேலை மட்டும். பழைய படத்தையெல்லாம் பனியன் கவர்ல போட்டு பீரோவுல பூட்டி வெச்சிருக்காங்க. அடுத்த எக்ஸ்ரே தை மாசம்.