வானின் பின்பக்கம் நிமிர்ந்தால் போதுமா?

மே மாதத்தில் விக்ரோறியா தின நீண்ட வாரவிடுமுறை வந்துவிட்டால், ரொறன்ரோவிலிருந்து வடக்கே போகும் 400ஆம் நெடுஞ்சாலையில் கோடை ஊர்வலம் ஆரம்பமாகிவிடும். படகு, கூடார ட்ரெயிலர், சாமான் ட்ரெயிலர் என்று ஆளுக்கொன்றைப் பின்னால் கொளுவிக்கொண்டு ஏரிக்கரைகளை நோக்கி ஓடுவார்கள். எங்கள் ஆட்கள் வந்திறங்கிய ஆரம்ப காலத்தில் இதை வேடிக்கை பார்த்ததோடு சரி. வீடு வாசல் இருக்க, காசு கொடுத்துக் காட்டுக்குள் போய் ஏன் படுக்கவேண்டும் என்பதுதான் அன்றைய கேள்வி. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து காம்பிங் ஆசையைக் கொண்டுவந்த பிறகு கேள்வி அடங்கிப்போனது. இன்று அல்கொங்குவின் பூங்காவின் முகாம் திடல்களில் கொத்துரொட்டி கொத்தும் சத்தம் கேட்டால் அது அதிசயமில்லை.

ஆனால் நாங்கள் காம்பிங் போகும் விதம் வேறு. வெள்ளைக்காரத் தம்பதி ஒரு நாயோடும் இரண்டு கதிரைகளோடும் போவார்கள். எங்கள் வானில் ஏழு பேர், ஊறவைத்த கோழி நிரம்பிய ஐஸ் பெட்டி, அரிசி மூட்டை, காஸ் அடுப்பு, அம்மம்மாவின் கட்டில்கூட வரும். இவ்வளவையும் ஏற்றிவிட்டு ட்ரெயிலரையும் கொளுவினால், பின்பக்கம் குந்தி, மூக்கு மேலே எழும்பிவிடும். இரவில் எதிரே வருகிறவன் கண்ணில் எங்கள் விளக்கு வெளிச்சம் நேராக அடிக்கும். அப்போதுதான் யாராவது ஒருவர் சொல்வார்: "பின்னுக்கு காத்து ஷொக் போடுங்கோ, நிமிர்ந்திடும்."

காற்று ஷொக் என்பது வழக்கமான ஷொக் அப்சோபரின் மேற்பாதியில் ஒரு ரப்பர் உறையைச் சேர்த்து, அதற்குள் காற்றடைக்கும் ஏற்பாடு. ரயருக்கு இருப்பதுபோன்ற ஒரு வால்வு பம்பருக்குப் பக்கத்தில் இருக்கும். மெல்லிய நைலோன் குழாய் அதிலிருந்து ஷொக்குக்குப் போகும். மொன்றோ நிறுவனத்தின் மக்ஸ்-எயர், கேப்ரியல் நிறுவனத்தின் ஹைஜாக்கர் இரண்டும் இந்த வகையில் பழைய பெயர்கள். குறைந்தது 20 பி.எஸ்.ஐ., கூடியது 150 பி.எஸ்.ஐ. என்பது வழக்கமான எல்லை. வெறும் வண்டி ஓடும்போதும் அந்த 20 உள்ளே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் உறை மடிந்து உரசித் தேய்ந்துவிடும். அடைக்கும் இடம் மிகச் சிறியது என்பதால் பெற்றோல் நிலையத்துக் காற்றுக் குழாயைப் பிடித்தால் கண் மூடித் திறக்குமுன் எல்லை தாண்டிவிடும். சைக்கிள் பம்பே போதும்.

ஸ்காபரோவில் எங்கள் வண்டிகளைப் பார்க்கும் அண்ணை ஒருவர் இருக்கிறார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் கராஜ் வைத்திருந்தவர். பெற்றோல் இல்லாத ஊரில் பழைய மொறிஸ்களையும் ஒஸ்ரின்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டிய தலைமுறை. அவரிடம் காற்று ஷொக் வேண்டும் என்று போனால் உடனே பூட்டித்தருவார் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். அவர் முதலில் சாரதிப் பக்கக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் தாளைப் படிப்பார்.

"காத்தடிச்சால் வண்டி எழும்பும், தம்பி. பாரம் எங்கை போகும்?" என்பது அவர் கேள்வி.

"அப்ப அண்ணை, விக்கிறவன் பெட்டியிலை ஆயிரத்துச் சொச்சம் இறாத்தல் தாங்கும் எண்டு போட்டிருக்கிறானே?"

"ஷொக் தாங்கும். ஷொக் பூட்டியிருக்கிற இரும்பு தாங்குமோ எண்டு அவன் போடேல்லை."

அவர் சொன்னதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது, ஷொக் அப்சோபரின் மேல் பூட்டு வண்டியின் துள்ளலை அடக்குவதற்காகச் செய்யப்பட்டது. பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங்கின் வேலை. காற்று ஷொக் போட்டதும் பாரத்தில் ஒரு பங்கு அந்தப் பூட்டுக்கு மாறுகிறது. ஒன்ராறியோ வீதிகளில் குளிர்கால உப்பைக் குடித்துக் கறள் ஏறிய பழைய வானில் அந்த இடம் வெடிக்கக்கூடும். இரண்டாவது விஷயம் கண்ணுக்குத் தெரியாதது. அதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும்.

1,200 கிலோ ட்ரெயிலர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பாரத்தில் 10 முதல் 15 வீதம் முன்னால் கொளுவியில் அழுத்தவேண்டும் என்பது வட அமெரிக்க வழக்கம். அதைவிடக் குறைந்தால் நெடுஞ்சாலையில் ட்ரெயிலர் வாலாட்டத் தொடங்கும். ஆக, 150 கிலோ கொளுவியில் நிற்கிறது. கொளுவி பின்சில்லுக்கு 1.2 மீற்றர் பின்னால். முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடைவெளி 3 மீற்றர். நெம்புகோல் கணக்குப்படி பின் அச்சில் ஏறுவது 150 அல்ல, 210 கிலோ. மிகுதி 60 கிலோ முன் அச்சிலிருந்து கழன்று வருகிறது. எங்கள் குடும்ப வான்கள் பெரும்பாலும் முன்சில்லால் ஓடுபவை. இழுப்பதும் திருப்புவதும் முன்சில்லு. பிரேக்கில் பெரும்பங்கும் அதுவே. மழையில் அந்த 60 கிலோவின் அருமை தெரியும். காற்றடித்தால் பின்பக்கம் உயரும். முன்சில்லில் இருந்து போன பாரம் திரும்பி வராது.

ஊரில் மாட்டு வண்டில் ஓட்டியவர்களுக்கு இதைப் படம் போட்டு விளக்கத் தேவையில்லை. முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே தூக்கி மாட்டுக்குப் பிடி இல்லாமல் போகும். வண்டில்காரர் மூட்டையை முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்தியே சரிசெய்வார்.

கதவுத் தூணின் தாளில், ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்று எழுதியிருக்கும். ஒரு வானில் அது 520 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு பேர், ஆளுக்கு 65 கிலோ என்றால் 455. கொளுவியின் 150 கிலோவும் இதே கணக்கில்தான் சேரும் என்பது பலருக்குத் தெரியாது. ஐஸ் பெட்டியை ஏற்றுமுன்பே 605 ஆகிவிட்டது. எந்தக் காற்று ஷொக்கும் இந்த எண்ணைக் கூட்டித்தராது. விற்பவர்களே கையேட்டில் அப்படித்தான் எழுதுகிறார்கள். சிறிய எழுத்தில் இருப்பதால் நாங்கள் படிப்பதில்லை.

கணக்கு எல்லைக்குள் நின்றும் பின்பக்கம் தாழ்ந்தால்தான் தெரிவு பற்றிப் பேச இடம் உண்டு. முதலில் பார்க்கவேண்டியது வண்டியில் என்ன ஸ்பிரிங் என்பது. 1983 முதல் 2020 வரை இந்த மாகாணத்தின் வின்ட்ஸர் நகரத் தொழிற்சாலையில் உருவான டொட்ஜ் கரவன் வரிசை வான்களையே பாருங்கள். 2007 வரை வந்தவற்றின் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்; அவற்றுக்குக் காற்று ஷொக் பொருந்தும். 2008 முதல் சுருள் ஸ்பிரிங். சுருளுக்குள்ளேயே நுழைக்கும் காற்றுப் பைகள் இருக்கின்றன. எயர் லிஃப்ட் 1000 என்பது அறியப்பட்ட ஒன்று. 5 முதல் 35 பி.எஸ்.ஐ. வரை அடைத்தால் போதும். பாரம் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே இறங்குவதால் ஷொக் பூட்டுக்கு வேதனை இல்லை. சுருள் ஸ்பிரிங் தனியாக நிற்கும் வானுக்கு நான் இதையே தெரிவுசெய்வேன்.

இழுவைப் பொதியோடு வந்த சில கிராண்ட் கரவன்களில் நிவோமட் என்ற தானாக உயரம் சரிசெய்யும் ஷொக் இருக்கும். வீதியின் ஆட்டத்தையே பம்பாகப் பாவித்து அது தன்னை உயர்த்திக்கொள்ளும். இதை நம்பி ஸ்பிரிங்கை மென்மையாகச் செய்திருப்பார்கள். பழசாகியதும் விலைக்குப் பயந்து சாதாரண ஷொக்கை மாட்டினால் வெறும் வண்டியே குந்தும். எது பூட்டியிருக்கிறது என்று கீழே குனிந்து பார்க்காமல் சாமான் வாங்கக்கூடாது.

காற்று ஷொக் என்றே முடிவானால், இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி வால்வு வைக்கச் சொல்லுங்கள். ஒரே வால்விலிருந்து இரண்டுக்கும் குழாய் பிரித்தால், வளைவில் அழுந்தும் பக்கத்துக் காற்று மற்றப் பக்கம் ஓடும். வண்டி இன்னும் சரியும். குழாயைப் புகைக்குழாய்க்குக் கிட்டக் கொண்டுபோகக்கூடாது. இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் பூசி நுரைக்கிறதா என்று பார்க்கவேண்டும். ட்ரெயிலரைக் கழற்றியதும் காற்றைக் குறைக்காவிட்டால் ஒவ்வொரு பள்ளமும் முதுகில் இடிக்கும்.

குளிர்காலம் இன்னொரு கதை. 20 பாகை வெப்பத்தில் 20 பி.எஸ்.ஐ. அடைத்த ஷொக், சனவரியில் வெளியே -20 பாகை ஆகும்போது ஏறத்தாழ 15க்கு இறங்கிவிடும். ஒழுக்கு ஒன்றும் இல்லை, காற்று சுருங்கியதுதான். ட்ரெயிலரை மூடிவைத்துவிட்டு வானை மறந்துவிடுகிறவர்கள் வசந்தத்தில் கிழிந்த உறையைக் காண்பது இதனால்தான். குளிர் தொடங்கியதும் ஒருமுறை அளவு பார்த்துக் கொஞ்சம் கூட்டி விட்டால் பிரச்சினை இல்லை.

முன்சில்லுக்குப் பாரத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கென்றே பாரம் பகிரும் கொளுவி இருக்கிறது. இரண்டு எஃகுக் கம்பிகள் வில்லாக வளைந்து, பின் அச்சில் குவிந்த பாரத்தில் ஒரு பங்கை முன் அச்சுக்கும் ட்ரெயிலர் சில்லுகளுக்கும் தள்ளும். எல்லா வண்டியும் இதை ஏற்காது. கையேடு அனுமதிக்கிறதா, கொளுவியின் தரம் போதுமா என்று பார்க்கவேண்டும். சட்டமும் உண்டு: ஒன்ராறியோவில் மொத்தப் பாரம் 1,360 கிலோவும் அதற்கு மேலுமான ட்ரெயிலருக்குத் தனி பிரேக் கட்டாயம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு எங்கள் ஆட்கள் சிலர் சிரிப்பார்கள். "ஊரிலை ஒரு கார்க் கூரையிலை என்னென்ன ஏத்தினனாங்கள்" என்பார்கள். உண்மைதான். வேறு வழி இல்லாத காலத்தில் அப்படி ஏற்றித்தான் உயிர் தப்பினோம். அந்தக் கைவேலைக்காரர்களை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்தத் துணிச்சல் இல்லாமையில் பிறந்தது. இங்கே வழி இருக்கிறது. வழி இருக்கும் இடத்தில் பின்சீற்றில் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதே துணிச்சலைக் காட்டுவதில் கெட்டித்தனம் ஒன்றும் இல்லை. மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய அண்ணையே முதலில் கதவுத் தாளைப் படிக்கிறார் என்றால், எங்களுக்கு என்ன வந்தது?

ஆகவே என் ஒழுங்கு இதுதான்: முதலில் தாள், பிறகு தராசு, பிறகு கொளுவி, எல்லாவற்றுக்கும் பிறகுதான் காற்று. 520ஐத் தாண்டுகிறதென்றால் மச்சானையும் அவருடைய வானோடு வரச்சொல்லி, மூன்று பேரையும் ஐஸ் பெட்டியையும் அதில் ஏற்றுங்கள். ஒரு சோடி காற்று ஷொக் வாங்கிப் பூட்டும் கூலியைவிட மச்சானுக்குப் பெற்றோல் அடித்துக் கொடுப்பது மலிவு.