வயிற்று வலி என்று வந்த பையன்

செவ்வாய், இரவுப் பணி

2 மணிக்கு 13 வயதுப் பையன் ஒருவனைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். "சூட்டு வலி சார். தொப்புள்ல விளக்கெண்ணெய் வச்சும் கேக்கல" என்றார் அப்பா. கால் பெருவிரல் நகங்களில் சுண்ணாம்பு காய்ந்திருந்தது. இரண்டு தடவை வாந்தி. எங்கே வலி என்றால் அடிவயிற்றைக் காட்டினான். அம்மாவை வெளியே இருக்கச் சொல்லி, திரையை இழுத்துவிட்டுக் கேட்டேன். "கீழ சார்."

இடது விரை மேலே ஏறிக் குறுக்காகக் கிடந்தது. உள்தொடையை வருடினால் விரை மேலே சுண்டி இழுக்கும். வலப்பக்கம் இழுத்தது, இடப்பக்கம் அசையவில்லை. விரை முறுக்கம்தான். ரத்தக் குழாய்கள் ஓடும் தண்டு முறுக்கிக்கொண்டு ரத்தம் போகாமல் நிற்கிறது. வலி தொடங்கியது பத்தரைக்காம். 6 மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் பெரும்பாலும் பிழைக்கும். 24 மணி தாண்டினால் தப்புவது அபூர்வம். இவ்வளவு தெளிவாக இருக்கும்போது டாப்ளர் ஸ்கேனுக்குக் காத்திருக்கக் கூடாது. நேரே தியேட்டர்.

திறந்தபோது கருநீலமாக இருந்தது. முறுக்கைப் பிரித்து, வெதுவெதுப்பான சலைன் துணியில் சுற்றி வைத்தோம். மெல்ல நிறம் திரும்பியது. விரையை முறுக்கவிடும் தளர்வு பெரும்பாலும் இரு பக்கமும் இருக்கும் என்பதால் வலதையும் சேர்த்துத் தையல் போட்டு நிறுத்தினோம்.

புதன், ஓ.பி.

28 வயது இளைஞர். மூன்று நாளாக விரையில் கூடிக்கொண்டே வந்த வலி, காய்ச்சல், நீர்க்கடுப்பு. டாப்ளரில் ரத்த ஓட்டம் கூடுதலாகவே இருந்தது, ஆகவே முறுக்கம் இல்லை. விரைமேல் குழாயில் கிருமித் தொற்று, ஆன்டிபயாட்டிக் போதும். இந்த வயதில் உடலுறவு வழி வருவதும் உண்டு. அப்படியானால் துணைக்கும் மருந்து வேண்டும். சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டார்.

வெள்ளி, ரவுண்ட்ஸ்

பையன் இட்லி சாப்பிடுகிறான். அடுத்த கட்டிலில் அவன் வயதே உள்ள விடுதி மாணவன். கூச்சப்பட்டு ஒரு பகலும் இரவும் பல்லைக் கடித்திருக்கிறான். கேஸ் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இறந்துபோன விரையை எடுக்க வேண்டியதாயிற்று. மற்றது நன்றாக இருப்பதால் பின்னாளில் குழந்தை பிறக்கத் தடையில்லை என்று அவன் அப்பாவிடம் சொன்னேன்.

நோய் ஒன்றே, ஒருவன் சீக்கிரம் வந்தான், இன்னொருவன் வாய் திறக்கவில்லை. வாய் திறக்காத பையன்களுக்கு நாம்தான் கேட்க வேண்டும். வயிற்று வலி என்று எந்தப் பையன் வந்தாலும் விரையையும் பார்த்துக் குறிக்கும்படி கேஸ் ஷீட்டில் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.