சக்கர நாற்காலியில் ஒரு ஜல்லிக்கட்டு!

மதுரைக்காரங்களுக்கு மோதல்னா என்னன்னு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. தை மாசம் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர்னு மூணு ஊரையும் சுத்தி வந்து, கேலரிக் கம்பியைப் பிடிச்சுத் தொங்கினவய்ங்க நாம! ஆனா, காளையே இல்லாம ஒரு ஜல்லிக்கட்டை, அதுவும் ஒரு வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து பார்த்தேன்னா நம்புவீங்களா?

பெரியார் பஸ் ஸ்டாண்டுல ஏறினா, வைகையைத் தாண்டி, வெயில்ல காயுற தென்னந்தோப்பு, நெல் வயல், தூரத்துல நீலமா சிறுமலைன்னு போகுது அலங்காநல்லூர் ரூட். அந்தப் பக்கத்துக் கிராமம் ஒண்ணுலதான் எங்க பெரியப்பா வீடு. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். 'பேரைப் போட்டுடாதடா'ன்னு சொல்லிட்டதால, இந்தக் கட்டுரை பூரா வெறும் அண்ணன்தான்.

ஒரு காலத்துல வாடிவாசல் பக்கமே குடியிருந்த ஆளு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கோடைல, தண்ணி வத்தின கிணத்துல தலைகீழா குதிச்சார். கழுத்து எலும்பு முறிஞ்சுது. கால் சுத்தமா இல்ல. கை அசையும், ஆனா விரல் மடங்காது. (கிணத்து ஆழம் தெரியாம டைவ் அடிக்கிற ஹீரோக்களே... ப்ளீஸ்!)

அன்னிலேருந்து அவர் வீட்ல எல்லாரும் சொல்ற ஒரே வார்த்தை 'பாத்து'. சேரை நகர்த்தினா 'பாத்து'. காபி குடுத்தா 'பாத்து'. ஊர்ல கல்யாணம் காட்சின்னா, 'கூட்டத்துல இடிச்சிருவாங்க, நீ வேணாம்ப்பா'. கீழக்கரையில 2024 ஜனவரி 24-ம் தேதி திறந்த கலைஞர் நூற்றாண்டு ஏறு தழுவுதல் அரங்கம் கூப்பிடுற தூரம்தான். இன்னும் பார்த்ததில்ல மனுஷன்.

போன ஞாயித்துக்கிழமை லேப்டாப்போட போய் இறங்கினேன். ஹாஸ்டல்ல ஃப்ரெண்ட் காட்டின ஒரு மேட்ச் ரெக்கார்டிங் அதுல இருந்துச்சு. 2024 பாரிஸ் பாராலிம்பிக், வீல்சேர் ரக்பி ஃபைனல். ஜப்பானும் அமெரிக்காவும்.

"வீல்சேர்ல ரக்பியா? பாவப்பட்டுக் கைதட்டுற கேஸா?"ன்னு அண்ணன் சுரத்தே இல்லாம கேட்டார். முதல் நிமிஷத்துலயே ஒருத்தர் பறந்து வந்து இன்னொருத்தர் சேர்ல விட்டாரு பாருங்க ஒரு இடி... டமார்! அடி வாங்கினவர் சேரோட கவிழ்ந்தார். திண்ணையில ஒரே அமைதி. ஓடி வந்து தூக்கிவிட்டாங்க. விழுந்தவர் எழுந்ததும் மறுபடி மோதப் போயிட்டார்!

"டேய்... இது ஃபவுல் இல்லையா?"

"இல்லண்ணே. ஆளை ஆள் தொட்டாத்தான் தப்பு. சேரைச் சேர் இடிக்கலாம். பின் சக்கரத்துக்குப் பின்னாடி இடிச்சுச் சுத்தவிட்டா மட்டும் ஃபவுல்."

அதுக்கப்புறம் அண்ணன் ஸ்க்ரீனை விட்டுக் கண்ணை எடுக்கலை.

ரூல்ஸ் சிம்பிள். பாஸ்கெட்பால் கோர்ட், அணிக்கு நாலு பேர், வாலிபால் மாதிரி ஒரு பந்து. பந்தோட எட்டு மீட்டர் அகலக் கோட்டை ரெண்டு சக்கரமும் தாண்டினா ஒரு பாயின்ட். பத்து செகண்டுக்குள்ள பந்தைத் தட்டணும், இல்ல பாஸ் பண்ணணும். நாற்பது செகண்டுக்குள்ள கோல் போடணும். எட்டு நிமிஷ ஆட்டம் நாலு. ஆணும் பெண்ணும் ஒரே டீம்ல ஆடலாம்.

மெக்கானிக்கல் பையன் கண்ணுக்கு அந்தச் சேரே ஒரு விருந்து! சக்கரம் ரெண்டும் மேல உள்வாங்கி, கீழ விரிஞ்சு சாய்ஞ்சு நிக்குது. அதனாலதான் சட்டுனு திரும்புது, சுலபமா சாயலை. தடுப்பாட்டக்காரர் சேர்ல முன்னாடி நீட்டமா ஒரு பம்பர். அதை எதிராளி சேர்ல கொக்கி மாதிரி மாட்டிட்டா, அவர் அங்கேயே அவுட்!

பிறந்தது 1977-ல, கனடாவின் வின்னிபெக்ல. கழுத்து அடிபட்டு, கையிலயும் பலம் போனவங்க வீல்சேர் பாஸ்கெட்பால்ல ஓரமாவே நிக்கவேண்டி இருந்துச்சு. 'நமக்குன்னு ஒரு ஆட்டம் வேணும்'னு அவங்களே கண்டுபிடிச்சதுக்கு முதல்ல வச்ச பேரு 'மர்டர்பால்'! 2000 சிட்னியிலேருந்து பாராலிம்பிக்ல பதக்க விளையாட்டு.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் பாயின்ட் சிஸ்டம். உடம்புல இருக்கிற பலத்துக்கு ஏத்தபடி ஒவ்வொருத்தருக்கும் 0.5-லேருந்து 3.5 வரை ஒரு நம்பர். களத்துல நாலு பேர் கூட்டுத்தொகை எட்டைத் தாண்டக் கூடாது. பெண் ஆடினா அரைப் பாயின்ட் சலுகை. அப்போ பலசாலிகளை மட்டும் இறக்க முடியாது. ரொம்பக் கம்மியா அசைய முடிஞ்சவர் இல்லாம டீமே இல்ல!

"அந்த ஓரத்து ஆளைப் பாரு. பந்தையே தொடல. ஆனா அவனை நகரவே விடல"ன்னார் அண்ணன். "நான் ஆடினா அந்த இடம்தான். பாயின்ட் ஃபைவ்!"

ஆறு வருஷத்துல அவர் 'நான் ஆடினா'ன்னு சொல்லிக் கேட்டது இதான் முதல் தடவை.

48-41. ஜப்பானுக்கு முதல் தங்கம். அண்ணன் மடங்காத விரலோட கையைத் தட்ட, நான் விசில் அடிக்க, பக்கத்து வீட்ல எட்டிப் பார்த்தாங்க.

தெற்கே தென்காசி பக்கத்து ஆய்க்குடியில இருக்கிற அமர் சேவா சங்கம் பத்தி அப்புறம் பேச்சு வந்துச்சு. அதைத் தொடங்கின எஸ்.ராமகிருஷ்ணன் நம்மளை மாதிரி இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட். 1975-ல கடற்படைத் தேர்வுல விழுந்து, கழுத்துக்குக் கீழ செயல் இழந்தவர். 1981-ல சங்கம் ஆரம்பிச்சார். 2020-ல பத்மஸ்ரீ. "அவர் படுத்துக்கிட்டே ஒரு ஊரையே நடத்திட்டார். நான் திண்ணையைத் தாண்டலை"ன்னார் அண்ணன். என்கிட்ட பதில் இல்லை.

கிளம்பறப்போ, "அடுத்த வாரம் அந்த அரங்கத்தைப் பார்த்துட்டு வரலாமாண்ணே?"ன்னு கேட்டேன். நான் வந்த பஸ்ஸுக்கு மூணு படி. ஆட்டோதான் பிடிக்கணும், தூக்க ரெண்டு பேர் வேணும்னு கணக்குப் போட்டோம். ஒரு ஆள் நான். இன்னொரு ஆள் ஹாஸ்டல் ஃப்ரெண்ட். முடிஞ்சுது!

திடீர்னு, அண்ணன் உள்ளங்கையால சக்கரத்தை ரெண்டு தள்ளு தள்ளினார். நான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் சேர்ல... டொம்! கீழ விழுந்தேன்.

சத்தம் கேட்டுப் பெரியம்மா அடுப்படியிலேருந்து ஓடி வந்தாங்க. கிடந்த என்னைப் பார்த்தாங்க. சிரிச்சுக்கிட்டிருந்த அண்ணனைப் பார்த்தாங்க.

"டேய், பாத்துடா! தம்பிக்கு அடிபட்டுடப் போகுது!"

அந்த 'பாத்து' அண்ணனுக்காக இல்ல, எனக்காக. விழுந்த வலியே தெரியலை, ஃப்ரெண்ட்ஸ்!